நாலு விசிலோடு ஒரு போன் பதிவு

காதில் விழுந்ததை அப்படியே தாளில் இறக்குவதுதான் என் பிழைப்பு. பூந்தமல்லி கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்குள் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹெட்போன். ஜனங்கள் கொண்டுவரும் போன் பதிவுகளைக் கேட்டு டைப் அடித்துத் தருவேன். பதினோரு வருஷத்தில் தப்பென்று ஒரு தாள்கூடத் திரும்பியதில்லை, இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது. இதே வேலையில் காது வலிக்க உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு என் அருமை புரியும்.

புள்ளி வைக்க மாட்டேன்

வசவு வந்தால் முதலெழுத்தைப் போட்டு மூணு புள்ளி வைப்பவர்கள் உண்டு. நான் ஞாயிற்றுக்கிழமை சேக்காடு சர்ச் பாட்டுக் குழுவில் முன்வரிசைக்காரி, திங்கட்கிழமை அசிங்கத்தை எழுத்துப் பிசகாமல் அடிப்பவள். பேசினவனுக்கே வராத வெட்கம் எனக்கெதற்கு? ஒருநாள் என் தாளைப் படித்த, எனக்கு வழக்கமாக வேலை தரும் வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஸ்டெல்லா, உன் வேலை சுத்தம்மா. ஆனா இதை நான் சத்தமா படிக்க மாட்டேன்."

லூர்துவின் பயம்

லூர்து எங்கள் தெருக்காரர், வெல்டர். வளைகுடாவில் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியதும், அங்கே வாங்கின பேங்க் கடன் பாதியில் நிற்க, ஊர் திரும்பிவிட்டார். அங்கிருந்து ஒரு வசூல் ஏஜெண்ட் தினமும் போன் போடுவான், அதுவும் நம்ம தமிழில். லூர்துவின் மனைவி மேரி ஒரு ஸ்கூலில் ஆயா. அந்த ஸ்கூலுக்கே போன் போட்டு, "திருடன் பொண்டாட்டியை வேலைக்கு வெச்சிருக்கீங்க" என்றிருக்கிறான். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் சொல்லாவிட்டால் மேரி வேலையை விட்டு நிற்க வேண்டும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் சொல்லிவிட்டார்.

அவன் பேச்சைப் பதிவு செய்து, ஸ்கூலில் காட்ட டைப் அடிக்கக் கொண்டுவந்த லூர்து, பதிவு செய்ததே குற்றமோ என்று அதை என் கையில் கொடுக்கவே பயந்தார். வக்கீலம்மாவிடம் அழைத்துப் போனேன். "நீங்க பேசினதை இங்கே இருந்து நீங்களே பதிவு பண்ணினது குத்தமில்லை. அங்கே இருக்கும்போது பண்ணியிருந்தா அந்த நாட்டுச் சட்டம் வேற. பதிவை வெட்டாதீங்க, பதிவான போனை விக்காதீங்க, கோர்ட்டுக்குப் போனா பதிவு அசல்னு சான்றிதழ் வேணும்" என்றார். வெளியே வந்ததும்தான் லூர்துவுக்கு மூச்சே வந்தது: "இன்னாக்கா, அவன் திட்டினதுக்கு நான் உள்ள பூடுவேனோன்னு ஒரு வாரமா சோறு எறங்கல."

அந்த நாலு விசில்

லூர்து தன் போனை ஸ்பீக்கரில் போட்டு, மேரியின் போனில் பதிவு செய்திருந்தார். செய்த இடம் சமையற்கட்டு. நானும் கேட்டபடியே நாலு இடத்தில் "குக்கர் விசில்" என்று அடித்திருந்தேன். தாளைப் பார்த்தவர், "அத்த எடுத்துடுக்கா, ஸ்கூல்ல படிச்சா மானம் பூடும். நான் அழுவுற எடத்தையும் எடுத்துடு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "பிடிச்சதை மட்டும் வெச்சுக்கிட்டா அது பதிவில்லைய்யா, கதை. ஒரு விசிலை எடுத்தாலும் தாள்ல கையெழுத்துப் போட மாட்டேன், வேற கடை பாரு" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டே நின்றார்: "சரிக்கா, சோறு வெந்ததையும் சேத்தே அடி."

வெள்ளிக்கிழமை

துணைக்கு நானும் ஸ்கூலுக்குப் போனேன். அதற்குள் ஏஜெண்ட் முந்திக்கொண்டு, எந்தப் பதிவைக் காட்டினாலும் அது வெட்டி ஒட்டினது என்று சிஸ்டரிடம் போனில் சொல்லிவைத்திருந்தான். சிஸ்டர் பதிவை ஓடவிட்டு, என் தாளில் வரிவரியாக விரலை நகர்த்தினார். மேரி சுவரோடு ஒட்டி நின்றாள். மூன்றாவது விசில் அடித்ததும் ஏஜெண்ட் குரல்: "என்னய்யா சத்தம் அங்கே?" லூர்து குரல்: "குக்கர் சார்." "உனக்குச் சோறு, பேங்குக்கு நாமமா? உன் பொண்டாட்டி வேலையைக் காலி பண்றேன் பாரு!" அப்புறம் லூர்து அழுகிறார்: "மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்டிடறேன் சார், அவள உட்ருங்க."

லூர்து எடுக்கச் சொன்னாரே, அந்த இடங்கள்தான். சிஸ்டர் தாளை மடித்து மேசைக்குள் வைத்தார். எனக்கு அங்கேயே கைதட்டலாம் போலிருந்தது. "விசிலைக் கேட்டு அவனே கேள்வி கேக்கறான், இதுல ஒட்டு எங்கே இருக்கு? மேரி, திங்கட்கிழமை அரைமணி முன்னாடி வந்துடு, ஆண்டு விழா வேலை கெடக்கு" என்றார் சிஸ்டர்.

பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டவள்தான் நான், ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை மேரி திறந்த ஸ்கூல் கேட்டில் பாதிக் கை என்னுடையது என்று யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.