அண்ணனைப் புகழ்ந்த சாட்சிகள்

எங்கள் அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் அவருக்கு நேர் இளையவன். ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. நாலு பேர் முன்னால் எழுந்து பேசவும் எனக்கு வராது. அதனால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அண்ணன் பிறந்தது தொண்டூரில். எங்களைப் பெற்ற நைனா இறந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. செஞ்சியில் கல்யாணச் சமையல்காரர் ஒருவரிடம் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தவர், முப்பது வயதுக்குள் தாமே ஆட்களை வைத்துச் சமைக்கும் அளவுக்கு உயர்ந்தார். தளவானூர், சீயமங்கலம் வரை அவரைக் கூப்பிடுவார்கள். முகூர்த்த நாள் குறித்ததும் வெற்றிலை பாக்கோடு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அடுப்பிலிருந்து எதை இறக்கினாலும் முதலில் தாம் ருசி பார்த்த பிறகே பந்திக்கு அனுப்புவார். வாடிய கத்தரிக்காய் வாங்கி வந்ததற்காக எல்லார் எதிரிலும் என்னை அறைந்திருக்கிறார்.

ஒரு வைகாசியில் அவர் சமைத்த கல்யாணத்தில் பலருக்கு வாந்தி பேதி கண்டது. இரண்டு நாள் கழித்து ஒரு பத்திரிகை, அண்ணனின் பேரையும் ஊரையும் போட்டு, அழுகிய காய்கறியில் சமைத்தார் என்று எழுதிவிட்டது. சுகாதார அலுவலகத்தார் சோதித்தபோது, கெட்டிருந்தது கல்யாண வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் என்று தெரிந்தது. நாங்கள் அடுப்பு மூட்டும் முன்பே அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களும் படுத்திருந்தார்கள். அந்தச் சோதனைத் தாளோடு அண்ணன் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். தவறு என்று இரண்டு வரி போடக் கேட்டார். போடவில்லை.

ஆவணி, ஐப்பசிக்கு வெற்றிலை பாக்கு வைத்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர்கூடப் பத்திரிகையைப் பற்றிப் பேசவில்லை. தேதி தள்ளிப் போய்விட்டது என்றார் ஒருவர். சம்பந்தி வீட்டில் ஆள் பார்த்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். தை பிறந்தும் எங்கள் அண்டாக்கள் கவிழ்ந்தே கிடந்தன.

அண்ணன் அவதூறு வழக்குப் போட்டார். வக்கீல் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"செய்தி பொய்ன்னு இந்தத் தாளே சொல்லும். அது மட்டும் போதாது. செய்தியால உங்க பேரு கெட்டுதுன்னு ஊருக்காரங்க வாயால வரணும். பயந்துபோய் ஆள மாத்துனவங்க நாலு பேரக் கூட்டியாங்க."

அழைத்து வரும் வேலையை அண்ணன் என்னிடம் விட்டார். முதலில் அரிசி மில் மாமாவிடம் போனேன். அவர் மகள் கல்யாணச் சமையலும் எங்கள் கைவிட்டுப் போனதுதான். "எங்க அண்ணன் சாப்பாட்டுக்குப் பயந்துதானே மாத்துனீங்க?" என்று கேட்டிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்து அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை.

"அண்ணனுக்காகக் கோர்ட்டுல வந்து ஒரு நல்ல வார்த்த சொல்லணும் மாமா" என்றேன்.

"இதுக்கு இன்னாடா இவ்ளோ தயங்கற? வந்துட்டா போச்சு" என்றார். மற்ற மூவரிடமும் அதையேதான் கேட்டேன்.

கூண்டில் ஏறிய மாமாவிடம் பத்திரிகைக்காரரின் வக்கீல் கேட்டார்: "செய்தியப் படிச்சிட்டு இவர மட்டமா நெனச்சீங்களா?"

"ஐயோ, சாமி சத்தியமா இல்லிங்க! அவுரு கை தங்கமான கைங்க."

"அப்புறம் ஏன் வேற ஆள வெச்சீங்க?"

"அது வந்து... சம்மந்தி வீட்டுல ஏற்பாடு பண்ணிட்டாங்க."

நான்கு பேரும் அப்படித்தான் சொன்னார்கள். எங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் அண்ணன் என்னிடம், "இன்னாடா, சாவு வூட்லகூட ஒருத்தன இவ்ளோ புகழ மாட்டாங்களே" என்றார். சிரித்தபடிதான் சொன்னார்.

செய்தி தவறுதான்; ஆனால் அதனால் இவர் பேர் கெட்டதாக யாரும் சொல்லவில்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். வழக்குத் தள்ளுபடி என்பதை மட்டும் அந்தப் பத்திரிகை பெரிதாகப் போட்டது.

தோற்றதைக்கூட அண்ணன் தாங்கிக்கொண்டார். வேறொன்றுதான் அவரை அரித்தது. "பேப்பருக்காக இல்லன்னா, அப்ப என் சமையல்தானே புடிக்காம போயிருக்கு?" என்று அண்ணியிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். எந்தக் கல்யாணத்தில் உப்பு கூடியது, எதில் ரசம் நீர்த்தது என்று பழையதையெல்லாம் யோசிப்பார். பிறகு கரண்டியைத் தொடவேயில்லை. நெஞ்சு வலி வந்து மூன்றாம் நாள் போய்விட்டார். நான் சாட்சிகளிடம் என்ன கேட்டேன் என்பதைக் கடைசி வரை அவரிடம் சொல்லவில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன்.

பால் தெளித்த அன்று அரிசி மில் மாமா என்னைத் தனியே அழைத்தார். "பேப்பரப் பாத்து பயந்துட்டேன்டா. அதான் ஆள மாத்துனேன். அவன் எதிர்ல நிக்கறான், எப்படிச் சொல்றது?" என்று அழுதார்.

ஆஸ்பத்திரிக்கு வேன் ஓட்டிய தம்பிக்கும், உடனிருந்த தெருக்காரர்களுக்கும், வழக்குக்காக வேலையை விட்டு வந்த நான்கு சாட்சிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமா சொன்னதை அண்ணியிடம் சொன்னேன். ஒருவர் சொன்னால் போதுமா என்கிறார். அவரும் இப்போது உப்பையும் ரசத்தையும் யோசிக்கத் தொடங்கிவிட்டார். அன்று பயந்து ஆளை மாற்றியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். சாப்பிட்டு விடைபெறும்போது அண்ணியிடம், பயந்துதான் மாற்றினோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அண்ணன் எதிரில் இல்லை. அன்று உங்களிடம் கேட்க வேண்டியதை இப்போதுதான் கேட்கிறேன்.