சாரல் காலத்தில் வறட்சியை அளந்தவர்கள்

ஏழை நாடுகளின் தண்ணீர்ப் பஞ்சத்தை ஆராய வருகிறவர்கள், குற்றாலத்தில் அருவி கொட்டும் மாதத்தில்தான் வருகிறார்கள். இது சந்தேகமல்ல. அவர்களோடு ஒரே பங்களாவில் எட்டு நாள் இருந்து, அவர்கள் கொடுத்த சம்பளத்தையும் வாங்கிக்கொண்டவன் சொல்கிறேன்.

1963 ஜூலை முதல் வாரம். பொருளாதாரத்தில் பட்டம் வாங்கிவிட்டுத் திருநெல்வேலியில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். கிராம முன்னேற்றத்தைப் பற்றி ஆராய வெளிநாட்டு நிபுணர் ஒருவர் வருகிறார், கூடவே இருந்து மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார்கள். உலகத்தின் வறுமைக்கு நானும் ஒரு கை கொடுக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். சிரிக்க வேண்டாம். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

காலை ஆறரைக்குப் பாசஞ்சர். மூன்றாம் வகுப்பு ஒரு ரூபாய் தொண்ணூறு நயாபைசா. ஒன்பதேகாலுக்குத் தென்காசி. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் மேற்கே மலை முழுக்க மேகம், முகத்தில் பொடிச் சாரல். கோயிலின் மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி நடந்து குற்றாலம் பஸ் பிடித்தேன். மூன்று மைல், இருபது நயாபைசா. பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப்பேர் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே ஏறியிருந்தார்கள்.

பங்களாவில் நிபுணரும், சென்னையிலிருந்து வந்த அதிகாரி ஒருவரும் தங்கியிருந்தார்கள். நிபுணர் நல்ல மனிதர், மரியாதையாகப் பேசுவார். அதிகாரிக்கு அருவிதான் முக்கியம். ஒன்பது மணிக்கு ஜீப் கிளம்பும். பன்னிரண்டரைக்குள் திரும்பிவிட வேண்டும், ஏனென்றால் ஒரு மணிக்கு ஐந்தருவியில் கூட்டம் குறையும். மாலையில் பங்களா வராந்தாவில் மங்குஸ்தான் பழத்தை உடைத்துத் தின்றுகொண்டே, வறண்ட நாடுகளில் நீர் மேலாண்மை என்று பேசுவார்கள். மழைச் சத்தத்தில் எனக்குப் பாதி காதில் விழாது.

வேலை இதுதான். ஒவ்வொரு ஊரிலும் ஒரு வீட்டுக்குப் போய் ஒரு தாளை நிரப்ப வேண்டும். வீட்டில் இன்று எத்தனை குடம் குடிநீர் இருக்கிறது, எத்தனை பித்தளைப் பாத்திரம் இருக்கிறது, இப்படிக் கேள்விகள். நாலு குடத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த ஊருக்கு ஆழ்கிணறு முதலில் கிடைக்கும். அதிகமாக இருந்தால் பட்டியலில் இருந்து அந்த ஊர் எடுக்கப்படும். "இன்று" என்ற சொல்லைக் கவனியுங்கள். சித்திரை, வைகாசி என்று அந்தத் தாளில் எங்கும் கிடையாது.

ஏழாம் நாள் போன ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அங்கேயுள்ள கிராம சேவகருக்கு வேலை போய்விடும். தென்காசியிலிருந்து கிழக்கே ஐந்து மைலில் பாவூர்சத்திரம், அங்கிருந்து கீழப்பாவூர் வழியாக இன்னும் ஐந்து மைல். கடைசி மூன்று மைலும் வண்டித்தடம். பாவூர்சத்திரம் தாண்டியதுமே சாரல் நின்றுவிட்டது. காற்று மட்டும் அடித்தது, வாய் நிறையப் புழுதி.

"பாத்தியளா தம்பி, பத்து மைலுக்குள்ள சாமி எப்பிடி ஓரவஞ்சன பண்ணுதாரு" என்றார் டிரைவர் சுடலைமுத்து.

"துரைக்கிட்டயும் அத சொல்லட்டுமா அண்ணாச்சி?"

"சொல்லுங்க. சாமியையும் தாள்ல எழுதிக்கிடுவாரு."

பேச்சியம்மாள் வீட்டைத்தான் கிராம சேவகர் காட்டினார். முப்பத்தைந்து வயது இருக்கும், நிறைமாதம். ஐந்தாவது பிள்ளையாம். வாசலில் நன்றாகத் தண்ணீர் தெளித்திருந்தது. உள்ளே சுவரோரமாகப் பதினொரு பித்தளைக் குடங்கள், புளி போட்டுத் துலக்கி, கழுத்துவரை தண்ணீரோடு வரிசையாக நின்றன. நிபுணருக்கு ஒரு செம்பு நிறையக் கொடுத்தாள். அவர் குடித்து முடித்துவிட்டு, தண்ணீர் போதுமானதாக இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"நல்லா கேட்டிய போங்க. வந்த ஆளுகளுக்குத் தண்ணிக்குக் கொற வப்பமா? இன்னொரு செம்பு குடிக்கச் சொல்லுங்க."

அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு பதினொன்று என்று எழுதினார். இரண்டு இடத்தில் எழுதினார், தண்ணீருக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டித்தான் கொடுப்பார்கள். குனிந்து குடங்களின் கழுத்தைப் பார்த்தேன். மாடத்தி. சண்முகத்தாய். ஆவுடையம்மாள். ஒன்பது குடத்தில் ஒன்பது பெயர்கள். பேச்சியம்மாள் பெயர் இரண்டில்தான் இருந்தது.

"அக்கா, இது யாரு கொடம்?"

"சத்தம் போடாதிய. ஊருக்குப் பெரிய ஆளுக வாராங்கன்னு கிராம சேவக் சொன்னாரு. வெறுங்கொடத்தக் காட்டுனா ஊருக்குத்தான கேவலம்? அதான் ஆளுக்கொண்ணு கொடுத்தாளுவ. கால்வாய்ல தண்ணி விட்டிருக்கான், அர மைல்தான். காலைல இருந்து எல்லாரும் சேந்து சொமந்தோம்."

விருந்து வரும் வீட்டுக்குத் தெருவே பாத்திரம் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். எதற்காக அளக்கிறார்கள் என்று ஊரில் ஒருவரிடமும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

நிபுணரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், குடத்தைத் திருப்பிப் பெயரையும் காட்டினேன். அவருக்கு அது கோடும் வளைவும்தான். கண்ணால் கண்டதை எழுதுவதுதான் ஆராய்ச்சி, பக்கத்தில் இருப்பவர் சொல்வதை எழுதினால் அது ஆராய்ச்சி ஆகாது என்றார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நீர் மொழிபெயர்க்க வந்தீரா, வக்கீல் வேலைக்கு வந்தீரா?" என்றார். தாளின் அடியில் மொழிபெயர்ப்பாளர் கையெழுத்துக்கு ஒரு கோடு உண்டு. நான் கையெழுத்துப் போட்டேன். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. மறுநாள் சம்பளம்.

ஜீப்பில் ஏறும்போது பேச்சியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அத அடிச்சிட்டு ரெண்டுன்னு எழுதச் சொல்லுங்க! ஏ தம்பி, சொல்லுங்க! நீங்க படிச்ச ஆளுதான?"

அதிகாரி ஹாரனை அடிக்கச் சொன்னார். சுடலைமுத்து அடிக்கவில்லை. கிராம சேவகர்தான் அவள் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார். ஒரு மணிக்கு நாங்கள் ஐந்தருவியில் இருந்தோம்.

இந்தச் சித்திரையில் என் சொந்தச் செலவில் மறுபடியும் போனேன். கால்வாயில் ஆடு படுத்திருந்தது. இரண்டரை மைல் தள்ளி ஒருவர் தோட்டத்தில் பம்புசெட் ஓடும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பெண்கள் தண்ணீர் பிடிக்கலாம். பேச்சியம்மாளோடு நடந்தேன், போகவர இரண்டு மணி நேரம் ஆயிற்று. இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். வெயிலில் தூக்கிப் போக முடியாது என்று ஒன்பது மாதக் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள். அது அழுதால் பால் கொடுக்க ஆள் இல்லை.

"நீங்க எழுதுன ஊரு இதுதான் தம்பி" என்றாள். "இப்பம் எண்ணுங்க. நல்லா எண்ணிக்கிடுங்க."

ஆழ்கிணறு ஏன் வரவில்லை என்று விசாரித்தேன். பட்டியலில் இந்த ஊரின் பெயருக்கு நேராக "போதுமான நீர், வசதியான குடும்பங்கள்" என்று இருக்கிறதாம்.

குற்றாலம் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஆனிக் கடைசியும் ஆடியும்தான் நல்ல சீசன். சனி, ஞாயிறு போகாதீர்கள். விடிவதற்குள் பேரருவிக்குப் போனால் கூட்டம் இராது. மாற்றுத்துணியை ரப்பர் பையில் வையுங்கள், சாரலில் எல்லாம் நமுத்துப்போகும். குளித்தபின் ஒரு நாளை மிச்சம் வைத்துப் பஸ்ஸில் பாவூர்சத்திரம் போய் இறங்கி, கிழக்கே நடங்கள். யாராவது உங்களுக்குச் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள். ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் சித்திரையில் வாருங்கள். பங்களா காலியாகத்தான் இருக்கும்.

சென்னை அதிகாரிக்கு மூன்று கடிதம் எழுதினேன். என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் எழுதினேன். பதில் இல்லை. அதனால் இங்கே கேட்கிறேன். ஐயா, வைகாசி முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள். பம்புசெட்டிலிருந்து அந்த ஊர்வரை என்னோடு நடங்கள். பேச்சியம்மாள் முன்னால் உட்கார்ந்து, அடித்துத் திருத்தி எழுதுங்கள். எந்தத் தேதியில் வருகிறீர்கள்?