கண்டக்டரம்மாவின் பாதி ஷெட்

இனி ஓர் ஆள்கூட ஏற முடியாது என்று டிரைவரே கையை விரித்த பிறகும் ஒரு கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக் காட்டியவர் கண்டக்டரம்மா. ஓய்வு பெற்றதும், உடன் வேலை பார்த்தவர்களெல்லாம் முட்டிவலியைத் தேடிப் போனார்கள். அவர் மரவேலையைத் தேடிப் போனார். வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட்டில் ரம்ப மேசை, இழைப்பு மெஷின், கடைசல் மெஷின், துளை மெஷின் என்று ஒவ்வொன்றாகக் குடியேறின. தெருவில் பாதிப் பேர் உட்கார்ந்திருப்பது அவர் செய்த நாற்காலியில்தான். மீதிப் பேர் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் மாப்பிள்ளை கார் வாங்கினார். வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை. மரத்தடியில் நிறுத்திய காரைப் பறவைகள் தினமும் ஆசீர்வதித்துவிட்டுப் போயின.

மாப்பிள்ளை ஷெட்டின் தரையில் குறுக்கே சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். "இந்தப் பக்கம் கார், அத்தை. அந்தப் பக்கம் நீங்க. கோட்டைத் தாண்டி ஒரு மெஷினும் வரக்கூடாது. அடங்கலைன்னா வித்துடலாம். மொத்தமா எடுத்துக்க எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்காரு."

"உங்க காரை விக்க நான் ஆள் பாத்தேனா, மாப்பிள்ளை?"

"அம்மா," என்றாள் மகள். சண்டை முற்றும்போது அவள் சொல்லும் ஒரே வார்த்தை அது. இருவரில் யாரை அடக்குகிறாள் என்று இருவருக்கும் தெரியாது.

"எல்லா மெஷினும் அடங்கிட்டா?" என்றார் கண்டக்டரம்மா.

"அடங்கிட்டா நான் வாயே திறக்க மாட்டேன்."

இடமில்லை என்ற சொல்லை வாழ்நாளில் சொல்லாத பெண்மணியிடம் விட்ட சவால் அது. இரும்புக் குழாய்களை அடியில் கொடுத்து உருட்டி, கடப்பாரையால் நெம்பி, "நகரு, நகரு, இன்னும் உள்ளே போ" என்று மெஷின்களை அதட்டி, சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் பாதி ஷெட்டில் திணித்துவிட்டார். மாப்பிள்ளை குனிந்து கோட்டைப் பார்த்தார். ஒரு கால்கூடத் தாண்டவில்லை. வாயைத் திறக்காமல் உள்ளே போனார்.

மறுநாள் காலை, எதிர்வீட்டு டெய்லர் கேட்டிருந்த வெட்டு மேசைக்காக நீளப் பலகை ஒன்றை ரம்பத்தில் கொடுத்தார் கண்டக்டரம்மா. பாதி அறுபடும்போதே பலகையின் முனை கடைசல் மெஷினில் போய் முட்டி நின்றது. அதை நகர்த்தினால் இழைப்பு மெஷின். உள்ளே வந்த பலகை வெளியே போக வழியில்லை. ஏற்றுவதிலேயே குறியாக இருந்தவர், இறக்குவதை மறந்துபோனார்.

மாப்பிள்ளை டீ டம்ளரோடு வந்து நின்றார். வாய் தானாகத் திறந்துகொண்டது. "நாளைக்கே ஆளை வரச் சொல்லிடட்டுமா, அத்தை?"

கண்டக்டரம்மா ரம்பத்தை நிறுத்தினார். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் காரை அளந்தார்.

அன்றைக்கெல்லாம் ஷெட்டில் மறுபடி உருட்டல், நெம்பல். கடைசலும் துளையும் சுவரோரம் போயின. அவற்றுக்கு நின்ற இடத்திலேயே வேலை. ரம்ப மேசை ஷெட்டின் பக்கவாசலுக்கு முதுகைக் காட்டி, கோட்டைப் பார்த்துத் திரும்பியது. அதன் கால்களுக்கு அடியில் கனத்த மரக்கட்டைகள் ஏறின. குனிந்து குனிந்து வந்த முதுகுவலிக்கும் அதுவே மருந்தாயிற்று. ஆனால் அந்த உயரம் முதுகுக்காக எடுத்ததல்ல.

அடுத்த நாள் காலை மாப்பிள்ளை ஷெட்டில் நின்ற காரில் ஏறி போனில் பேசிக்கொண்டிருந்தார். புழுக்கத்துக்குப் பயந்து ஜன்னல் நான்கையும் இறக்கியே வைப்பது அவர் வழக்கம். பின் ஜன்னல் விளிம்பில் யாரோ ஒரு பழைய காக்கிச் சட்டையை மடித்துப் போட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. ரம்பம் அலறியது. அவர் முதுகுக்குப் பின்னால், நிதானமாக, ஒரு பலகை காருக்குள் நுழைந்தது.

"அத்தை, காருக்குள்ள பலகை வருது."

"ஏறின மாதிரியே அந்தப் பக்கம் இறங்கிடும், மாப்பிள்ளை. நீங்க பேசுங்க."

"கோட்டைத் தாண்டக்கூடாதுன்னு சொன்னேனே."

"மெஷின் தாண்டக்கூடாதுன்னீங்க. எந்த மெஷின் தாண்டியிருக்கு, காட்டுங்க."

அவர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். மெஷின்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒழுக்கமாக நின்றன. பலகை எதிர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பின் சீட்டில் மரத்தூள் மாவாகப் படிந்திருந்தது.

"அம்மா," என்றாள் மகள். சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க உள்ளே ஓடினாள்.

சாயங்காலம் கார் மரத்தடிக்கே திரும்பியது. ஆள் வரவே இல்லை. வரச் சொல்லவும் இல்லை. கோட்டை அழித்துவிடலாம் என்று மாப்பிள்ளையே சொல்லிப் பார்த்தார். கண்டக்டரம்மா ஒப்பவில்லை. இன்றைக்கும் அது மங்கினால் அவரே சாக்கட்டி எடுத்து அழுத்தி வரைகிறார்.

"அது உங்க பாதி, மாப்பிள்ளை. எப்ப வேணும்னாலும் தாராளமா நிறுத்துங்க. ஜன்னலை மட்டும் இறக்கி விட்டுட்டுப் போங்க."