உடுத்துனவ நல்லா இருக்காளா?

பழைய பருத்திச் சேலையின் பூர்வீகத்தை யாரும் விசாரிப்பதில்லை. வெளிச்சத்தில் பிடித்துக் கிழிசல் பார்த்து, பேரம் பேசி வாங்கிப் போய்விடுவார்கள். பட்டு அப்படியில்லை. பழைய பட்டைக் கையில் எடுத்ததும் எங்கள் ஊர்ப் பெண்கள் விலை கேட்க மாட்டார்கள். "யாரு உடுத்துனது?" என்பார்கள். அடுத்து, "உடுத்துனவ நல்லா இருக்காளா?" செத்தவள் சேலையோ வாழாதவள் சேலையோ தெரியாமல் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்ற பயம்.

இது எனக்குத் தெரிய வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

திண்டுக்கல்லுக்குச் சற்று வெளியே, புருஷனிடம் அடிபட்டு வெளியேறி வந்த பெண்களுக்காகக் கன்னியாஸ்திரீகள் ஒரு இல்லம் நடத்தினார்கள். அந்தப் பெண்களின் மருந்துக்கும் கோர்ட்டு அலைச்சலுக்கும் நிதி வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் பழைய சேலைகளை வாங்கி, துவைத்து இஸ்திரி போட்டு, மாதா கோயில் வளாகத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, பூசை முடிந்து வருகிறவர்களிடம் விற்பார்கள்.

என் மகளும் சில மாதம் அந்த இல்லத்தில் இருந்தாள். நத்தத்தில் கட்டிக் கொடுத்திருந்தேன். மணிக்கட்டு உடைந்து பஸ் ஏறி வந்தவள், என் வீட்டுக்கு வராமல் என் தெருவைத் தாண்டித்தான் அங்கே போனாள். எலும்பு கூடியதும் கோயம்புத்தூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். அவள் அம்மா அந்தக் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டாள். வீட்டில் நானும் தொலைபேசியும்தான். ஞாயிறு சாயங்காலம் கூப்பிடுவாள். மற்ற நாளில் மணி அடித்தால், அவளுக்கு என்னவோ என்றுதான் ஓடிப்போய் எடுப்பேன். இன்றைக்கும் அப்படித்தான்.

விற்பனைக்கு முந்தைய வாரம் கூப்பிட்டபோது சொன்னாள்: "பீரோல இருக்குற அரக்குப் பட்ட சிஸ்டர்கிட்ட குடுத்துருங்கப்பா. விக்கட்டும்."

"அது உன் கல்யாணச் சேலைம்மா."

"தெரியும். கேக்குறவங்ககிட்ட என்னோடதுன்னு சொல்லித்தான் விக்கணும். பொய் சொல்லி வித்தீங்கன்னா அந்தக் காசு இல்லத்துக்கு வேணாம். அடுத்த வாரம் கேப்பேன்."

பக்கத்துத் தெருவில் இருக்கும் என் அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "ஏலே, நாளைக்கே மாப்ள வந்து கூப்புட்டா புள்ள எதக் கட்டிக்கிட்டுப் போவா?"

"அவ போக மாட்டாக்கா."

"அதை ஊருல சொல்லேன் பாப்போம். நல்லா இருக்கா, வேலைக்குப் போயிருக்கா, மாப்ள பின்னாலயே போறாருன்னுதான சொல்லிக்கிட்டுத் திரியுற?"

அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "மக நல்லா இருக்கா சார்?" என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் "நல்லா இருக்கா". கேட்ட வாயை மூட அதைவிடச் சுருக்கமான பதில் இல்லை.

மஞ்சள் பையில் சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிஸ்டர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பட்டு மேசையைக் கவனிக்க ஆளில்லை என்று சொல்லி என்னையே அங்கே உட்கார வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் கணக்கு வாத்தியார் அந்தப் பக்கம் வந்தவர் விடவில்லை. "என்ன சார், ஜவுளிக்கடை போட்டாச்சா? கட்டிக் காட்டுனாத்தான் வாங்குவோம்." சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டு பட்டு உடனே போயின. கொடுத்தவர்கள் அங்கேயே நின்று, "நான் கட்டுனதுதான், எடுத்துக்கங்க" என்றார்கள். அரக்குப் பட்டைப் பலரும் தொட்டார்கள். கரையைத் திருப்பிப் பார்த்தார்கள். "யாருது?" என்று கேட்டதும் நான், "எங்க வீட்டுதுதான்" என்று முனகுவேன். என் மனைவி இறந்துபோனது எல்லோருக்கும் தெரியும். அவள் சேலை என்று நினைத்துக்கொண்டு மெதுவாகக் கீழே வைத்துவிடுவார்கள். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் மகள் சொல்லச் சொன்னதும் அதுவல்ல. சாயங்காலம் அவள் கேட்பாள். யாருமே எடுக்கவில்லை என்றால், அவள் தொட்டதுகூட ஊருக்கு ஆகாது என்று நானே போனில் சொல்வதாக ஆகிவிடும்.

கூட்டம் கலையும் நேரம். சேவுகம்பட்டியிலிருந்து பூ கொண்டுவரும் அம்மா ஒருவர், காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். சேலையைத் தோளில் போட்டுப் பார்த்தார்.

"அம்புட்டு மெத்துனு இருக்கு. யாருதுய்யா?"

"என் மகளோட கல்யாணச் சேலைம்மா."

"அடியாத்தீ. இதப் போயி விக்கிறீக? புள்ள நல்லா இருக்கால்ல?"

நாக்கு நுனியில் அந்த ஒரே பதில் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் வாங்கியிருப்பார்.

"நல்லா இல்லம்மா. புருஷன் கையை ஒடிச்சுட்டான். உசுரு தப்பி வந்துட்டா. திரும்பப் போக மாட்டா. அவதான் விக்கச் சொன்னா."

நான் நினைத்ததைவிடக் குரல் உயர்ந்துவிட்டது. இரண்டு வகுப்புக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பழகிய தொண்டை. கயிற்றுப் பக்கம் சேலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். கணக்கு வாத்தியார் தரையைப் பார்த்தார்.

பூக்கார அம்மா சேலையைத் தோளிலிருந்து எடுத்து மடித்தார். கரை கசங்காமல், கடையில் மடிப்பதுபோல. "கோவிச்சுக்காதீகய்யா. எம் மகளுக்கு இப்பத்தான் பேசி முடிச்சிருக்கு. மனசு ஒப்பல." பிறகு ஒரு பருத்திச் சேலையை வாங்கிக்கொண்டு, விலைகூடக் குறைக்காமல் போனார்.

அவ்வளவுதான். மேசையில் கடைசியாக மிஞ்சியது அதுதான். பையோடு வெளியே வந்தபோது வழக்கமாக டீ குடிக்கக் கூப்பிடும் கணக்கு வாத்தியார் கூப்பிடவில்லை. கோபம் இருக்காது. என்ன பேசுவது என்று தெரிந்திருக்காது.

சாயங்காலம் மணி அடித்தது.

"வித்துச்சாப்பா?"

"இல்லம்மா. கேட்டாங்க. எடுக்கல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னதைச் சொன்னேன். அந்தப் பக்கம் பஸ் போகும் சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று பயந்து, "அம்மா, இருக்கியா?" என்றேன்.

"இருக்கேன். எல்லாரு முன்னாடியுமா சொன்னீங்க?"

"ஆமா. கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன்."

மூக்கை உறிஞ்சினாள். "சரி. சாப்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சாப்டுங்க. சேலையப் பீரோல வைக்காதீங்க. அடுத்த வருசமும் கொண்டு போங்க."

மஞ்சள் பையை வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். மறுநாள் அக்கா வந்தாள். பையைப் பார்த்தாள். அதை அப்படியே ஆணியில் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.