கைகாட்டி ஆனந்தராசா

தயாளினி சொதி ஊற்றிக்கொண்டிருக்கிறார். போதும் என்பதை ஆனந்தராசா வாயால் சொல்வதில்லை. சோற்றுக் கையைத் தோளுக்கு மேலே தூக்கி உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறார். அகப்பை அந்தரத்தில் நிற்கிறது. "வாயைத் திறந்து போதும் எண்டு சொன்னா முத்து உதிர்ந்துபோயிடுமோ?" என்று மனைவி கேட்கிறார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து இதைத்தான் கேட்கிறார். கேட்கிறாரே தவிர, அந்தக் கை எழும்பி அகப்பை நிற்காமல் போன நாள் ஒன்றுகூட இல்லை.

லிங்கநகரில் கைகாட்டி என்று விசாரித்தால்தான் அவர் வீட்டைக் காட்டுவார்கள். ஆனந்தராசா என்று கேட்டால் எந்த ஆனந்தராசா என்பார்கள். துறைமுகத்தில் கிறேனுக்குக் கீழே நின்று கை காட்டுவது அவருடைய தொழில். மேலே கூண்டுக்குள் கிறேனை இயக்குகிற ரிஷாத் இருப்பார். கப்பலுக்கும் இறங்குதுறைக்கும் இடையில் நடப்பதில் பாதி அவர் கண்ணுக்குத் தெரியாது. இயந்திரம் போடுகிற சத்தத்தில் காதும் உதவாது. கீழே நிற்கிற ஆனந்தராசாவின் கையைப் பார்த்துத்தான் அவர் பாரத்தை அசைப்பார். சுட்டு விரல் மேலே நிமிர்ந்து வட்டம் போட்டால் தூக்கு. கீழே பார்த்து வட்டம் போட்டால் இறக்கு. விரலுக்கு மேல் இடக்கையைக் கவிழ்த்துப் பிடித்தால் மெதுவாக. உள்ளங்கை விரிந்தால் நில்.

நில் என்றால் நில்தான். நிறுத்தின கையே மறுபடி தொடக்கிவிட வேண்டும், வேறு யார் சொன்னாலும் பாரம் அசையக்கூடாது என்பது அந்த வேலையின் சட்டம். புதிதாக வந்த அதிகாரி ஒருவர் ஒருமுறை அவசரப்பட்டு "தூக்கு, தூக்கு" என்று கூண்டைப் பார்த்துக் கத்தினாராம். ரிஷாத் கூண்டுக்குள் இருந்தபடி வெற்றிலையை மடித்து வாயில் போட்டாரே ஒழிய நெம்புகோலைத் தொடவில்லை. அந்தக் கதையைச் சொல்லும்போது ஆனந்தராசாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். தானே கப்பல் கட்டி விட்டவர் மாதிரி இருக்கும்.

இன்னொரு சைகையும் உண்டு. பாரம் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கியதும் ஆனந்தராசாவுக்கும் அது தெரியாது. அங்கே உள்ளே நிற்கிற ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். தன் நெஞ்சைத் தொட்டு, பிறகு அந்த ஆளை நோக்கிக் கையை நீட்டி, உடனே முதுகைக் காட்டித் திரும்பிவிடுவார். "குடுத்த பிறகு திரும்பிப் பார்க்கப்படாது. பார்த்தா கை தன்ரபாட்டில எழும்பும். ரெண்டு பேர் கை காட்டினா பாரம் யாற்ற தலையிலயோ விழும்" என்பார். துறைமுகத்தில் குடும்பங்களை அழைத்துக் காட்டிய ஒரு நாளில், மகள் கௌசிகா சின்னப் பிள்ளையாக அதைப் பார்த்து என்னவென்று கேட்டாள். "இனி அது அவற்ற பொறுப்பு எண்டு அர்த்தம்" என்று சொல்லிக்கொடுத்தார்.

தொழில் வீட்டோடும் நிற்பதில்லை. தெருவில் லொறி பின்னுக்கு எடுத்தால் யாரும் கேட்காமலே போய் நிற்பார். தொலைபேசியில் கதைக்கும்போதும் கை வேலை செய்யும். மறுமுனையில் இருப்பவர் அதை எப்படிக் காண்பார் என்று அவர் யோசித்ததே இல்லை. நகரத்துக்குள்ளேயே வாழப் பழகி, பஸ் நிலையத்துப் பக்கம் சாப்பாட்டுப் பார்சல் தேடித் திரிகிற மான்கள் மட்டும்தான் அந்தக் கைக்கு அடங்காதவை. அவற்றின்மேல் அவருக்குக் கொஞ்சம் மனவருத்தமும் உண்டு.

கௌசிகா ஒரே மகள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் நாடகம் என்றால் முதலில் போய் நிற்பவள், நல்ல குரலும் இருக்கிறது. நகரத்தில் உள்ள கல்லூரி ஒன்றில் இசை நாடகத்துக்கு வகுப்புத் தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. தயாளினிக்கு இதில் துளியும் விருப்பமில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். "ஒருக்காப் போய்ப் பாடிப் பார்க்கட்டும். அவங்கள் எடுக்காட்டி திங்கட்கிழமை கணக்கியல் வகுப்பு. அதுக்குப் பிறகு பாட்டு, நடிப்பு எண்டு என்னோட ஒருத்தரும் கதைக்கப்படாது." கௌசிகா ஓம் என்றாள். சொல்லிவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. கணக்கியல் வகுப்பில் போய் உட்கார்ந்தால் இந்தப் பிள்ளை வாடிப்போகும் என்று தகப்பனுக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

தேர்வுக்கு ஒரு காட்சியைப் பாடி நடித்துக் காட்ட வேண்டும். திரும்பி வராத தோணிக்காகக் கடலோடு சண்டை பிடிக்கும் ஒரு பெண்ணின் காட்சியைக் கௌசிகா எடுத்தாள். பாட்டு அடங்கிய குரலில் தொடங்கி, மெல்ல ஏறி, ஓரிடத்தில் "கடலே!" என்று உச்சத்துக்குப் போய், பிறகு காதோடு பேசுகிற அளவுக்கு இறங்கும். ஆனந்தராசா கதிரையைப் போட்டுக்கொண்டு எதிரே உட்காருவார். அவருக்கு இராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. கூட்டு, குறை என்று நடுவில் சொல்லிக்கொண்டிருப்பார். "அப்பா, கதைக்காதேங்கோ! எனக்குப் பாட்டு விட்டுப்போகுது" என்று மகள் சீறினாள். வாய் மூடிற்று, கை எழும்பிற்று. விரல் மேலே போகப் போக அவள் குரலும் மேலே போனது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு கை இல்லாமல் பயிற்சி நடக்கவில்லை.

உச்சத்துக்கு முன்னால் மட்டும் இடக்கை கவிழும். மெதுவாக.

"அப்பா, அதில நான் இன்னும் மேல போவன். எனக்குத் தெரியும்."

"காத்துள்ள இடத்தில பாரத்தைச் சடாரெண்டு தூக்கப்படாது பிள்ளை. ஆடும்."

அவள் முகத்தைச் சுளிப்பாள். ஆனாலும் அந்த இடக்கைக்குக் கீழ்ப்படிந்து குரலை அடக்கிக்கொள்வாள்.

ஒருநாள் பாட்டின் நடுவில் காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன் படலையில் நின்று கூப்பிட்டான். ஆனந்தராசா உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனார். போனவர் அவனோடு ஊர்க்கதை கதைத்துவிட்டு ஆற அமரத் திரும்பி வந்தார். மகள் கடலைப் பார்த்து நீட்டிய கையோடு அப்படியே நின்றாள்.

"ஏன் பிள்ளை பாடேல்ல?"

"நீங்கள்தானே நிப்பாட்டினீங்கள்."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ரிஷாத்தே தோற்றார் என்று துறைமுகம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று அப்போது யாராவது கேட்டிருக்கலாம்.

தேர்வு சனிக்கிழமை. ஆனந்தராசா வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டார். தூரத்திலிருந்து கை தெரிய வேண்டுமாம். துறைமுகத்தில் போடும் செம்மஞ்சள் கையுறையையும் பையில் வைத்திருந்தார். தயாளினி அதை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "பிள்ளையைப் பாடவோ கூட்டிக்கொண்டு போறியள், கப்பலுக்கு ஏத்தவோ?" என்றார். வாசல்வரை வந்து மகளின் தலைமயிரை ஒதுக்கிவிட்டதும் அவர்தான்.

ஸெய்னுதீனின் ஓட்டோவில் போனார்கள். ஸெய்னுதீன் கிண்ணியாக்காரர், ஆனந்தராசாவுக்குப் பழைய கூட்டாளி, தொண்டை மட்டும் கொஞ்சம் பெரிது. உட்துறைமுக வீதியில் போகும்போது ஆனந்தராசாவின் கை வெளியே போய் எதிரே வந்த வாகனங்களை மேய்க்கத் தொடங்கியது. "அண்ணே, கைய உள்ள எடுங்க. நான் திரும்பப் போறன் எண்டு சனம் நினைக்கப் போகுது" என்றார் ஸெய்னுதீன். கௌசிகா அன்று காலை முதல்தரம் சிரித்தாள். ஓட்டோ நின்றதும் சிரிப்புப் போய்விட்டது.

மண்டபத்துக்குள் பெற்றோர் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முற்றத்து வேம்புக்குக் கீழே அவர்கள் உட்கார மர வாங்குகள் போட்டிருந்தன. மண்டபத்தின் பக்கச் சுவரில் கம்பி போட்ட பெரிய சன்னல் ஒன்று திறந்திருந்தது. கௌசிகா அதைக் கண்டுவிட்டாள்.

"அப்பா, நீங்கள் அந்தச் சன்னலடியில நில்லுங்கோ. எனக்கு உங்கட கை தெரிய வேணும்."

"நிக்கிறன் பிள்ளை. நீ என்ர கையைப் பார். வேற ஒண்டையும் பார்க்காத."

அவளைக் கூப்பிட்டார்கள். ஆனந்தராசா சன்னலடியில் போய்க் காலை அகட்டி நின்றார். உள்ளே நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. வெள்ளைச் சட்டைக் கையிலிருந்து விரல் நிமிர்ந்து வட்டம் போட்டது. கௌசிகா தொடங்கினாள். குரல் தெளிவாக இருந்தது. தோணியைக் கேட்டாள், கடலைக் கேட்டாள், நீட்டிய கை நடுங்காமல் நின்றது. அந்த அம்மா பேனையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்ததை ஆனந்தராசா கண்டார். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஸெய்னுதீன் இரண்டு பிளாஸ்ரிக் கப்பில் தேநீரோடு பின்னால் வந்தார். "ராசாண்ணே! மகள்ட குரலா இது? ரோட்டு வரைக்கும் கேக்குது!" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். ஆனந்தராசா திரும்பவில்லை. கண்ணை மகளிடமிருந்து எடுக்காமலே, கூட்டாளியின் வாயை அடக்க, வலக்கையைத் தோளுக்கு மேலே தூக்கி உள்ளங்கையை விரித்தார்.

ஸெய்னுதீன் சட்டென்று வாயை மூடிக்கொண்டு நின்றார். பரவாயில்லை, சொல்வழி கேட்கிற மனுசன் என்று ஆனந்தராசா நினைத்தார். பிறகுதான் உள்ளேயும் சத்தம் இல்லை என்பது உறைத்தது. கௌசிகா பாதி திறந்த வாயோடு அவருடைய உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் பிள்ளை நிப்பாட்டிட்டீங்கள்? மறந்துபோச்சோ?" என்றார் அந்த அம்மா.

கௌசிகா இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப பாடுங்கோவன்."

அவள் பாடவில்லை. நிறுத்தின கை தொடக்கிவிட வேண்டுமே. கண்கள் சன்னலிலேயே இருந்தன, நீர் கட்டத் தொடங்கியிருந்தது. "முதல்ல இருந்தே பாடலாம். இன்னொருதரம்தான் பார்ப்பம்" என்று சொன்ன அம்மா, அவள் பார்வை போன வழியே திரும்பிச் சன்னலைப் பார்த்தார். அங்கே கையைத் தூக்கியபடி ஒரு தகப்பன்.

ஆனந்தராசாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. கூச்சத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. திங்கட்கிழமையும் கணக்கியல் வகுப்பும் கண்ணுக்கு முன்னால் வந்தன. கை இறங்கி, சுட்டு விரல் தானாக நிமிர்ந்தது. ஒரு வட்டம் போட்டால் போதும், பிள்ளை பாடிவிடுவாள். வட்டம் போடப்போன விரல் அப்படியே நின்றது. இங்கே சன்னல் இருக்கிறது, நாளைக்கு மேடையில் எந்தச் சன்னலடியில் போய் நிற்பேன் என்று அவருக்குப் பட்டது. கதிரையைப் போட்டு எதிரே உட்கார்ந்து, பிள்ளையைத் தன் விரலில் கட்டிவைத்தது தான்தான் என்பதும் அப்போதுதான் பட்டது.

விரலை மடக்கினார். தன் நெஞ்சைத் தொட்டார். பிறகு கையைச் சன்னல் கம்பிக்கு ஊடாக மகளை நோக்கி நீட்டினார். அவள் கண் விரிந்தது. அந்தச் சைகையை வீட்டில் ஒருநாளும் அவர் காட்டியதில்லை. பார்த்துக்கொண்டு நிற்காமல் முதுகைத் திருப்பினார். ஸெய்னுதீனைத் தாண்டிப் போய் வேம்பின் கீழ் வாங்கில் உட்கார்ந்தார்.

ஒரு காகம் கத்தியது. துறைமுகப் பக்கம் ஏதோ ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது. ஆனந்தராசா நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடங்கிய குரலில், முதல் வரியிலிருந்து, கௌசிகா பாடத் தொடங்கினாள்.

அவருடைய வலக்கை மடியை விட்டுக் கிளம்பியது. பிடித்து இறக்கினார். மறுபடி கிளம்பியது. இது சரிவராது என்று இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே கொடுத்து, அவற்றின்மேல் முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்தார்.

ஸெய்னுதீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன்னால்தான் வந்தது என்று அவருக்கு விளங்கியிருந்தது. ஊர் கூட்டும் அந்தத் தொண்டையிலிருந்து இப்போது காற்றுத்தான் வந்தது.

"என்னால தானே அண்ணே?"

"உன்னால இல்ல. இந்தக் கையால."

பாட்டு ஏறிக்கொண்டிருந்தது. உச்சம் வருகிறது என்று ஆனந்தராசாவின் தோள்கள் சொல்லின. வழக்கமாக இடக்கை கவிழ்கிற இடம் வந்தபோது வாங்கு ஒருமுறை கிரீச்சிட்டது. கௌசிகா அடக்கவில்லை. "கடலே!" என்று அவள் போன உயரத்தை அவர் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. குரல் அங்கே ஒருதரம் ஆடியது. ஆனந்தராசா கண்ணை இறுக மூடினார். ஆடிய குரல் தானே நிதானித்து அந்த உயரத்தில் நின்றது. மரத்துக்குக் கீழே இருந்த மற்றத் தாய் தகப்பன்மாரும் பேச்சை விட்டுவிட்டு மண்டபத்தைப் பார்த்தார்கள். பிறகு அது மெல்ல மெல்லக் காதோடு பேசுகிற குரலுக்கு இறங்கத் தொடங்கியது.

"ராசாண்ணே, டீ ஆறுது. புடிங்க."

"ஏலாது."

"ஏன் ஏலாது?"

"பாட்டு இன்னும் முடியேல்ல. கையை எடுத்தா எழும்பும்."

ஸெய்னுதீன் கப்பையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். ஆனந்தராசாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவும் அவர் கையை எடுக்கவில்லை.

"வாயில வையுங்கோ" என்றார்.

ஸெய்னுதீன் அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கப்பை அவர் உதட்டருகே கொண்டுபோனார். தொடைக்குக் கீழே கைகள் இரண்டும் இருந்தபடியே இருக்க, ஆனந்தராசா கழுத்தை நீட்டி ஒரு வாய் குடித்தார்.