பெரியம்மா கறியை விட்ட வருஷம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். பெருமாள் மேல் குறை சொல்வதாக யாராவது எடுத்துக்கொண்டால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

அவனியாபுரத்தில் எங்களுடையது கூட்டுக் குடும்பம். அம்மா தையல் வேலைக்குப் போய்விடுவதால் சமையல் முழுக்கப் பெரியம்மாதான், அப்பாவின் அண்ணன் மனைவி. அவருக்கு முடக்குவாதம். மணிக்கட்டும் விரல் கணுக்களும் வீங்கி, காலையில் டம்ளரைக்கூட இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கித்தான் பிடிப்பார். ஆரப்பாளையத்து டாக்டர் கொடுத்த மாத்திரையை விடாமல் சாப்பிட்டார். தெருவில் ஒருத்தி கத்தரிக்காயை விலக்கச் சொன்னாள், ஒருத்தி புளியை. விலக்கிப் பார்த்தும் வீக்கம் இருந்தது.

எங்கள் வீட்டில் கறி இல்லாத ஞாயிறு கிடையாது, புரட்டாசி தவிர. அந்தப் புரட்டாசியில் பெரியம்மாவுக்கு வீக்கம் வடிந்து, தன் தலையைத் தானே பின்னிக்கொண்டார். எல்லாம் கறியால் வந்த வினை என்று பெரியப்பா முடிவுகட்டினார். கடைசிச் சனிக்கிழமை அழகர்கோவிலுக்குப் போய், ஆயுசுக்கும் கவுச்சி சாப்பிடுவதில்லை என்று பெரியம்மா வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்டது அவர் மட்டும்தான். எங்களுக்குத் தீபாவளிக்கு ஆட்டுக்குடலும் அயிரை மீனும் வந்தன.

குடலை மஞ்சள் போட்டுத் தேய்த்து, அயிரையைக் கல்லுப்போடு சட்டியில் உரசி, மசாலாவை அம்மியில் அரைத்தார். மிக்சியில் அரைத்தால் பெரியப்பாவுக்கு இறங்காது. உப்புப் பார்க்க மட்டும் என்னைக் கூப்பிடுவார்.

கார்த்திகை பிறப்பதற்குள் கை மறுபடி வீங்கிவிட்டது.

"கரண்டிய நக்கியிருப்ப. பெருமாள்ட்ட வெளாண்டா விடுவாரா?" என்றார் பெரியப்பா.

"சாமி சத்தியமா நாக்குல படலங்க."

"பெறகு உப்பு எப்பிடி இம்புட்டுச் சரியா நிக்குது?"

வலிக்கு அழாத பெரியம்மா அதற்கு அழுதார்.

"நாந்தேன் உப்புப் பாத்தேன் பெரியப்பா," என்றேன்.

"அதேன் சட்டியில ஈரலயே காணோமா," என்று அப்பா சிரித்தார்.

பெரியப்பா சற்று யோசித்து, "அப்ப வாசனைதேன் உள்ள போயிருக்கு," என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த ஞாயிறு முதல் பெரியம்மா மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு சமைக்க வேண்டும் என்று ஆனது. அவரால் முடிச்சுப் போட முடியாததால் கட்டிவிடுவது என் வேலை.

"இறுக்கிக் கட்டுடீ, வாசம் ஏறிறப் போகுது," என்று தலையைக் குனிந்து கொடுத்தார். இறுக்கிக் கட்டினேன். இனிமேல் சரியாகிவிடும் என்று மனதாரப் பெருமாளிடம் சொல்லிவிட்டு, குடல் வாளியை நானே அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தேன். புரட்டாசியில் அந்த வாளியும் அம்மியும் சும்மா கிடந்தன என்பது எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் பெரியவர்களுக்கும் தோன்றவில்லை. பெரியம்மாவுக்குத் தோன்றியிருக்குமா என்று கேட்க இன்று அவர் இல்லை.

இப்போது எனக்கும் அதே நோய். கறியைக் குறைத்தால் கொஞ்சம் இலேசாகத்தான் இருக்கிறது. கையை ஓயவிட்ட நாளிலும் இலேசாக இருக்கிறது. எதனால் எவ்வளவு என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மாத்திரையை மட்டும் நிறுத்தாதே என்கிறார்.

இதை யாரிடமாவது சொல்வதானால் உள்ளபடியே சொல்லுங்கள். விரதம் பலிக்காது என்று நீங்களாகச் சேர்க்க வேண்டாம். பெரியம்மா விரதம் தவறினார் என்றும் வேண்டாம். அவர் நாக்கில் ஒரு சொட்டுக் குழம்பு படவில்லை. கூடவே நின்றவள் நான்.