தேங்கா டெஸ்ட்

சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி டீக்கடைகளைத் தாண்டினால் என் ஜெராக்ஸ் கடை வரும். அதை ஒட்டி இருப்பது ஜீவானந்தத்தின் கம்ப்யூட்டர் கடை. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவனைப் பற்றி நல்ல விதமாக எழுதுவேன் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இத்தனை வருஷம் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன்.

பலகையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று இருக்கும். சர்வீஸுக்குக் கொடுத்தவர்கள் நாலு நடை நடந்து, கத்தி, கடைசியில் என்னிடம் வந்து முறையிட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் யாராவது ஒரு பழைய கேமைச் சொல்லிக்கொண்டு வந்துவிட்டால் போதும். ஜீவா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லி, மாப்பிள்ளையைப் போல கவனிப்பான்.

அவனுக்கு அதுதான் உயிர். ஒரு காலத்தில் பிரௌசிங் சென்டர்களில் நாம் அடித்துப் பிடித்து விளையாடிய கேம்கள் இன்றைய கம்ப்யூட்டரில் ஓடாது. ஓடினாலும் தலைதெறிக்க ஓடும். அவற்றில் பலவும், கம்ப்யூட்டர் என்ன வேகமோ அதே வேகத்தில் தானும் ஓடும்படி எழுதப்பட்டவை. கார் ரேஸைத் திறந்து கையை எடுத்து வைப்பதற்குள் கார் சுவரில் மோதி ஆட்டமே முடிந்திருக்கும். ஜீவா, பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கிற ஒரு புரோகிராமைப் புது கம்ப்யூட்டரில் போட்டு, அதற்குள் கேமை ஓடவிடுவான். ஒரு விசையை அமுக்கினால் வேகம் ஏறும், இன்னொன்றை அமுக்கினால் இறங்கும். பழைய வேகம் எதுவோ அங்கே கொண்டுவந்து நிறுத்துகிற வரை சாப்பிடக்கூடப் போக மாட்டான்.

வேலை சுத்தம், அதை மறுக்க மாட்டேன். வாய்தான் தாங்காது. லாட்ஜில் தங்கி ஷிப்ட் பார்க்கிற ஒருத்தர் ஒரு நாள், அவனிடம் கேம் போட்டு வாங்கிய லேப்டாப்பைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"இன்னாண்ணா, ரெண்டு பக்கமும் கருப்பா கீது? படம் ஃபுல்லா வர்ல."

"அந்த காலத்து மானிட்டர் சதுரம். இழுத்து வுட்டா எல்லாரும் குண்டாயிடுவான். குண்டா பாக்கணும்னா வேற கடைக்குப் போ."

"கொஞ்சம் இழுத்துத்தான் குடுங்களேன்."

"ஒரிஜினல் எப்டியோ அப்டித்தான் குடுப்பேன். ஒனக்காக மாத்த முடியாது."

ஒரிஜினல். ஒரு நாளைக்கு அந்த வார்த்தையை எத்தனை முறை சொல்வான் என்று எண்ணினால் நமக்குக் கடை நடத்த நேரம் இருக்காது.

வீட்டில் உலை கொதித்தது மஞ்சுளாவின் சம்பளத்தில். மஞ்சுளா அவன் மனைவி. ஒரகடத்தில், கார்களுக்கு ஒயர் கட்டு செய்கிற கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் இருந்தாள். கலர் கலரான ஒயர்களைப் பலகையில் வளைத்து, முடிந்து, கிளிப் மாட்டுகிற வேலை. கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தவள், அதே லைனில் அதே கான்ட்ராக்டில் முப்பத்தைந்தை நெருங்கிவிட்டாள். பர்மனென்ட் ஆனால் போதும் என்பது அவளுக்கு இருந்த ஒரே ஆசை. வல்லக்கோட்டை முருகனிடம் வேறு எதையும் அவள் கேட்டதில்லை.

பர்மனென்ட் ஆக அந்தக் கம்பெனியில் ஒரு சோதனை உண்டு. பெண்கள் அதைத் தேங்கா டெஸ்ட் என்பார்கள். கம்பெனி தொடங்கியபோது வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ ஒரு அதிகாரி, கைவேகம் பார்ப்பதற்காக ஒரு பழைய கேமைக் கொண்டுவந்து வைத்தாராம். மரத்தின் மேல் ஒரு குரங்கு. அது தேங்காயாக எறியும், கீழே நாம் கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். வேலைக்குச் சேரும்போது ஒரு முறை இந்தச் சோதனை, பர்மனென்ட்டுக்கு எடுக்கும்போது இன்னொரு முறை. சேர்ந்தபோது மஞ்சுளா ஒரு தேங்காயைக்கூடத் தவறவிடவில்லை. அதை அவள் சொல்லாத ஆளில்லை.

போன வருஷம் அந்தப் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. கம்பெனியில் ஆட்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி பிரசன்னா அதைக் காரில் போட்டுக்கொண்டு ஜீவாவின் கடைக்கு வந்தார். நானும் போய் எட்டிப் பார்த்தேன். பெட்டியின் முகப்பில் பொத்தான் அளவுக்கு ஒரு சந்தனக் கட்டி, அதன் மேல் குங்குமம். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை லைன் பெண்கள் அந்தப் பெட்டிக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள். வைக்க வாகாக வட்டமாக ஒரு இடம் இருந்ததால் எல்லா வருஷமும் அங்கேயே வைத்திருக்கிறார்கள்.

ஜீவா ஸ்க்ரூடிரைவரால் சந்தனத்தைச் சுரண்டினான். அடியில் ஒரு பட்டன். அதன் பக்கத்தில் டர்போ என்று எழுதியிருந்தது.

"சார், இத பாருங்க" என்றான். அவன் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது. "இத அமுக்கினாத்தான் ஃபுல் ஸ்பீடு. அமுக்காம வுட்டா பாதி. சந்தனம் உள்ள எறங்கி பட்டன் வெளிலயே இறுகிப் போச்சு. இத்தினி வருஷமா நீங்க பாதி ஸ்பீடுல டெஸ்ட் வெச்சிகினு இருந்திருக்கீங்க."

பிரசன்னா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ கரெக்டான ஸ்பீடு எது பாஸ்?"

"ஃபுல்லுதான். கேம் எழுதினவன் அதுக்குத்தான் எழுதினான். ஒரிஜினல் ஸ்பீடுல புது கம்ப்யூட்டர்ல நான் போட்டுத் தரேன்."

அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவனை ஓரமாக இழுத்தேன்.

"யோவ், உன் பொண்டாட்டியும் இந்த டெஸ்ட்டுக்குத்தான போவணும்? பழைய மாரியே பாதிலயே வெச்சிக் குடுத்துட்டுப் போயேன். எவனுக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றான். "அப்புறம் அவ கை வேகம் உனக்குத் தெரியாது அன்பு. எந்த ஸ்பீடுலயும் புடிச்சிடுவா."

வீட்டுக்குப் போய் இதில் ஒரு வார்த்தை அவளிடம் சொல்லவில்லை. தேங்கா டெஸ்ட் கம்ப்யூட்டரை நான்தான் சரி பண்ணேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அவள் அதைப் பெருமையாக லைன் முழுக்கச் சொல்லியிருக்கிறாள்.

டெஸ்ட் நடந்தது. போன பெண்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தேங்காய் தரையில்தான் விழுந்தது. மஞ்சுளாவுக்கும் அதே கதிதான். சூப்பர்வைசர் அவளிடம், வயசாயிடுச்சுக்கா, கை முன்ன மாரி இல்ல என்றானாம். இன்னொரு வாய்ப்பு உண்டு. அதுவும் போனால் கான்ட்ராக்டையும் முடித்து அனுப்பிவிடுவார்கள், அவள் இடத்துக்கு இளசாக வேறு ஆள் வரும்.

வேலை முடிந்து பஸ்ஸில் இறங்கியவள் நேராக என் கடை முன்னால் வந்து நின்று கையை விரித்துக் காட்டினாள். "பாருங்கண்ணா, வீக்கம் ஏதாவது கீதா? நல்லாதான கீது?" கை நன்றாகத்தான் இருந்தது. பக்கத்துக் கடையிலிருந்து ஜீவா பார்த்துக்கொண்டே நின்றான்.

அடுத்த நாள் நானே அவனை வண்டியில் ஏற்றி ஒரகடத்துக்கு அழைத்துப் போனேன். பிரசன்னா கேட்டுக்கு வெளியே வந்து பேசினார். ஜீவா முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசுவதைக் கேட்டேன். வேகம் கொஞ்சம் அதிகம் சார், பழைய மாதிரி இறக்கி வைத்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை என்றான்.

"நீங்கதானே பாஸ் இதுதான் கரெக்ட் ஸ்பீடுன்னு சொன்னீங்க? நான் அப்படியே மேல சொல்லிட்டேன். அவங்களுக்கு ரொம்பத் திருப்தி. பர்மனென்ட்டுக்கு எத்தனை பேர் வேணுமோ அத்தனை பேர்தான் பாஸ் ஆகுறாங்க, நாங்க யாரையும் வேணாம்னு சொல்ல வேண்டியதே இல்ல." சிரித்தார். "இறக்குறதெல்லாம் வேணாம். எங்களுக்கு இன்னொரு பிளான்ட் இருக்கு, அங்கயும் இதையே போட்டுக் குடுங்க."

திரும்பி வரும் வழியில் ஜீவா பின்னால் உட்கார்ந்துகொண்டு எதைப் பற்றிப் பேசினான் தெரியுமா? அந்த இன்னொரு பிளான்ட்டில் என்ன மானிட்டர் வைத்திருப்பார்கள், அதில் படம் சதுரமாக வருமா என்று பேசினான். வண்டியிலிருந்து தள்ளிவிடலாமா என்று இருந்தது.

அதற்கப்புறம் ஒரு மாசம் மஞ்சுளா முகத்தில் ஒரு தெளிவு. ஷிப்ட் முடிந்து வந்ததும் வீட்டிலேயே தேங்கா டெஸ்ட் பழகுகிறாளாம். அவர்தான் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாராம், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறாராம். முதலில் ரொம்பத் தவறியதாம், இப்போது கை பழகிவிட்டதாம்.

"நேத்து ஒண்ணுகூட கீழ வுடலண்ணா. பழைய கை திரும்பி வந்துடுச்சி." அன்றைக்குக் கேசரி செய்து எனக்கும் ஒரு டப்பாவில் கொண்டுவந்தாள். நானும் ஏதோ பையன் திருந்திவிட்டான் என்று நினைத்து அந்தக் கேசரியைத் தின்றேன்.

இரண்டாவது டெஸ்ட்டுக்கு அவள் புதுப் புடவை கட்டிக்கொண்டு போனாள். முதல் தடவையைவிட அதிகமாகத் தவறவிட்டாள். அன்றோடு கான்ட்ராக்ட் முடிந்தது.

மறுநாள் டீக்கடையில் வைத்து ஜீவாவைக் கேட்டேன், வீட்டில் பிடித்தவளுக்கு அங்கே எப்படி இப்படி ஆச்சு என்று. அவன் மறைக்கவில்லை. ஒரு கேஸைப் பற்றி டாக்டர் பேசுவது போல விளக்கினான். முதல் நாள் கம்பெனி வேகத்தில்தான் வைத்திருக்கிறான். அவள் தவறவிட்டுத் தவறவிட்டு, கடைசியில் விளையாட்டை நிறுத்திவிட்டுத் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். அவன் கையை நீட்டி விசையை அமுக்கி வேகத்தை இறக்கியிருக்கிறான். தைரியம் வரட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளலாம் என்று எண்ணம்.

"ஏன் ஏத்தல?"

டீயை ஊதிக்கொண்டே யோசித்தான். "ஏத்தினா மூஞ்சி வாடிடுது. எறக்கினா சிரிக்கிறா. நீங்க இல்லன்னா எனக்கு யாரு சொல்லிக் குடுப்பாங்கன்னு சொல்றா. கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ என்ன அப்டி பாத்தது கிடையாது அன்பு. அப்டியே வுட்டுட்டேன்."

இரண்டாவது டெஸ்ட்டுக்குப் போன அன்று வீட்டுக்கு வந்தவள், புடவைகூட மாற்றாமல் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து ஆடினாளாம். ஒன்று விடாமல் பிடித்தாளாம். "இன்னாங்க இது, வூட்ல ஓடுது, அங்க போனா கை ஓட மாட்டுது. ரெண்டும் ஒரே ஸ்பீடுதான?" என்று கேட்டாளாம்.

"நீ என்ன சொன்ன?"

"ஒரே ஸ்பீடுதான், ஒனக்கு பயம்னு சொன்னேன். வேற இன்னா சொல்ல சொல்ற?"

டீக்காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவனோடு நான் பேசுவதில்லை. அவனுக்கு அது உறைத்ததாகவும் தெரியவில்லை. அடுத்த பிளான்ட் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியிருந்தன, அவற்றோடு இருந்தான்.

இரண்டு வாரம் கழித்து மஞ்சுளா ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். அதே கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங்குக்கு வேறு ஒரு கான்ட்ராக்டர் ஆள் எடுக்கிறானாம், இவளையும் எடுத்துக்கொண்டானாம். துடைப்பது, கழுவுவது. அதற்கு டெஸ்ட் இல்லை. முன்னால் கூட நின்று ஒயர் கட்டியவர்களின் காலடியில் இனி மாப் போட வேண்டும். அதை அவள் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், பட்டன், பாதி வேகம், ஒரகடம் கேட், வீட்டில் அவன் இறக்கி வைத்தது, எல்லாம். உன் கையில் ஒரு குறையும் இல்லம்மா என்றேன்.

அவள் முழுசாகக் கேட்டாள். கேட்டு முடித்து, என் மேல் இரக்கப்படுகிற மாதிரி பார்த்தாள்.

"அவரும் நீங்களும் பேசிக்கிறது இல்லன்னு தெரியும்ண்ணா. அதுக்குன்னு இப்டி சொல்லலாமா? ஒரு மாசம் எனக்காக பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தாரு. எந்த ஆம்பள உக்காருவான்? நான் கேட்டதுக்கே ஒரே ஸ்பீடுதான்னு சொன்னாரு, அவரு எனக்கு பொய் சொல்லி இன்னா ஆவப் போவுது?"

"மஞ்சுளா, நான் அந்த பட்டன என் கண்ணால பாத்தேன்."

"எனக்கு பயம்ண்ணா. அந்த டெஸ்ட் ரூமுக்குள்ள போனாலே கை உதறுது. தப்பு என்மேலதான்." அட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். "நாளைலேர்ந்து அந்த ரூம பெருக்கித் தொடைக்கிறது எனக்குத்தான் போட்டிருக்காங்க. டெஸ்ட்டுக்கு வர்ற பொண்ணுங்க கிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன், பயப்படாம ஆடுங்க, பயந்தாத்தான் வுடுவீங்கன்னு."